செவ்வயிற்று மீனும் பதினாலு அங்குல நூலும்

ஊருக்குப் போய்த் திரும்பும்போது யார் எதைக் கொண்டுவருவார்கள் என்பது எங்கள் மடத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். கேரளத்துச் சகோதரிகள் என்றால் நேந்திரங்காய் வறுவல். நான் என்றால் புளியும் கருவாடும், அந்த வாசனைக்காக ஒரு வாரம் திட்டும். அந்த வருடம் மட்டும் நான் ஒரு மீனுக்காக ஊருக்குப் போனேன். எங்கள் ஊரில் ஒருவர்கூடக் கண்ணால் பார்த்திராத மீன் அது.

நான் ஒரு கன்னியாஸ்திரி. ஆஸ்திரியாவில், மலைகளுக்கு நடுவே ஓர் ஏரிக்கரை ஊரில் இருக்கிற முதியோர் இல்லத்தில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். பிறந்து வளர்ந்தது விருத்தாசலம். மடத்தில் சேருவதற்கு முன்னால் ஒரு வருடம் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மைகளுக்குக் கண் எழுதினேன். செட்டியார் பொம்மைக்கும் மாதா சுரூபத்துக்கும் ஒரே கண்ணை எழுதுகிறாள் என்று அப்போதே பெயர் வாங்கியவள். வாய் கொஞ்சம் நீளம். இந்தப் பயணமே அந்த வாயால் வந்ததுதான்.

எங்கள் இல்லத்தில் ஃப்ரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். எண்பத்தாறு வயது. ஐம்பது வருடம் அந்த ஏரியில் வலை போட்டவர். கண் முக்கால்வாசி போய்விட்டது. அவருடைய ஏக்கமெல்லாம் ஒரே ஒரு மீன்மேல். ஏரியின் ஆழத்தில், குளிர்ந்த தண்ணீரில் மட்டும் வாழ்கிற மீன். முட்டையிடும் காலத்தில் ஆண் மீனுக்கு வயிறு சிவந்துவிடும். அதன் ஜெர்மன் பெயர் என் நாக்கில் ஒழுங்காக உட்காராது. நானே செவ்வயிறன் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

“சாப்பிடுவதற்கு இல்லை, சிஸ்டர். ஒரு தடவை கையில் பிடித்துப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்,” என்பார். அவர் பேசியது ஜெர்மன். என் தமிழில் தருகிறேன்.

அவர் இளமையில் அந்த ஏரி குளிர்காலத்தில் முழுக்க உறைந்துபோகுமாம். அக்கரைக் கல்யாணத்துக்கு இக்கரைக்காரர்கள் பனிக்கட்டிமேல் நடந்தே போவார்களாம். நான் போய்ச் சேர்ந்த புதிதில் ஓரங்களில் மட்டும் உறைந்தது. பிறகு அதுவும் இல்லை. கோடையில் மேல்தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட, இந்த மீன் ஆழத்துக்கு இறங்கும். ஆனால் ஆழத்தில் மூச்சுக்குக் காற்று இருக்காது. குளிர்காலத்தில் ஏரி நன்றாகக் குளிர்ந்தால்தான் தண்ணீர் மேலும் கீழுமாகப் புரண்டு, காற்றை அடிவரைக்கும் கொண்டுபோகும். குளிரே சரியாக வராவிட்டால் எங்கே புரள்வது? மேலே போனால் சூடு, கீழே போனால் மூச்சுமுட்டல். “நடுவில் ஒரு போர்வை கனத்துக்குத்தான் அதற்குத் தண்ணீர் மிச்சம்,” என்று ஃப்ரன்ஸ் ஒரு கையின்மேல் இன்னொரு கையை வைத்துக் காட்டுவார். அந்த மீன் வலையில் வருவது நின்று சில வருடங்கள் ஆகியிருந்தன.

ஒரு முறை பக்கத்துப் பண்ணையிலிருந்து அதே இன மீன் ஒன்றை வாங்கிக்கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்தார். துடுப்பின் ஓரத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. “சிமெண்டுத் தொட்டியில் உரசி உரசித் தேய்ந்திருக்கிறது. இது என் ஏரியில் பிறந்தது இல்லை,” என்று திருப்பித் தந்துவிட்டார். அவரை ஏமாற்ற முடியாது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “எங்கள் ஊரில் களிமண்ணில் எதையும் செய்துவிடுவார்கள். உங்கள் மீனையும் செய்துகொண்டு வருகிறேன், பாருங்கள்,” என்று சொல்லிவிட்டேன்.

சும்மா சொன்னதை அவர் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிராக வைத்தார். “இந்த நீளம்.” நான் தையல் பெட்டியிலிருந்து வெள்ளை நூலை எடுத்து, ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பிடித்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டேன். பதினாலு அங்குலம் இருந்தது. மூன்று கட்டளைகள் போட்டார். செதில் விரலுக்குத் தட்டவே கூடாது. முதுகில், வாலுக்குச் சற்று முன்னால், குட்டியாக ஒரு சதைத் துடுப்பு இருக்கவேண்டும். எடை மீன் எடையாக இருக்கவேண்டும். “சீக்கிரம் வா, சிஸ்டர்,” என்றார். அவருக்குப் போன குளிர்காலத்திலிருந்தே நெஞ்சில் சளி.

எங்களுக்கு நான்கு வருடத்துக்கு ஒரு முறை ஒரு மாத விடுமுறை. அது அக்னி நட்சத்திரத்தில் வந்து விழுந்தது.

சென்னையிலிருந்து வந்த பஸ் வேப்பூரில் பஞ்சர். எல்லோரும் இறங்கி ஓட்டல் வாசலில் தகரக் கூரைக்குக் கீழே நின்றோம். லாரிக்காரர்கள் புரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு இட்லி கேட்டேன். “இட்லிலாம் காலையிலயே காலி சிஸ்டர்,” என்று சொல்லிவிட்டு, கேட்காமலே தட்டில் புரோட்டாவைப் போட்டுச் சால்னாவை ஊற்றினார் பரிமாறுகிறவர். நாலு வருடமாகக் குளிர்ந்த ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ராச்சாப்பாடாகச் சாப்பிட்ட வயிறு, அந்தச் சால்னாவைக் கண்டதும் மூக்கு வழியாகவே அழுதது.

பக்கத்தில் மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர், குவைத்திலிருந்து வருகிறார், கம்பளிப் போர்வையைக் கயிறு போட்டுக் கட்டி மடியில் வைத்திருந்தார். இந்த வெயிலில் கம்பளி எதற்கு என்று கேட்டேன்.

“அங்க ஏசியில குளுருது சிஸ்டர், அதான் வாங்குனேன். இங்க வந்து பஸ்ஸுல ஏறுனப்பறந்தான் யோசன வருது,” என்று சிரித்தார். “நீங்க எங்கேர்ந்து வரீங்க? அங்க ஐசு கொட்டுமாமே?”

“முன்னெல்லாம் கொட்டும்,” என்றேன். அந்தப் பதில் எனக்கே விசித்திரமாக இருந்தது. ஐஸ் கொட்டுகிற ஊரைப் பற்றி, ஏதோ என் சொந்த ஊர் கெட்டுப்போன மாதிரி, வேப்பூரில் நின்று வருத்தப்படுகிறேன்.

மூன்றாம் நாள் பேட்டைக்குப் போனேன். தம்பி அந்தோணி தன் டிவிஎஸ் ஐம்பதில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனான். அப்பா அம்மா போனபிறகு எனக்கு ஊர் என்பது அவனும் அவன் மனைவி ஜெயாவும்தான். பேட்டையில் வரிசையாகப் பட்டறைகள், வாசலில் காயவைத்த ஃப்யூஸ் கட்டைகள், அகல்கள், வெள்ளைப் பிள்ளையார்கள். தனபால் அண்ணன் அதே பட்டறையில் அதே மூலையில் உட்கார்ந்திருந்தார். பொம்மைகளுக்கு மூல உருவம் பிடித்து அச்சு எடுக்கிறவர். நான் கண் எழுதிய காலத்தில் அவர் மீசை கறுப்பு.

“வாங்க சிஸ்டரு. இன்னா, மறுபடி வேலைக்கு வந்துட்டீங்களா? கண்ணு எழுத ஆளு பத்தல.”

கொண்டுபோன ஃபோட்டோவைக் கொடுத்தேன், நூலையும் கொடுத்தேன், ஏரி இரண்டு டிகிரி சூடான கதையையும் சொன்னேன். நூலைத் தன் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். ஒரே இடத்தில்தான் நம்பவில்லை.

“ரெண்டு டிகிரி சூட்டுக்கா மீனு செத்துப்போவுது? நம்ம சூளையில இருவது டிகிரி இப்டி அப்டி ஆனாக்கூட ஏன்னு கேக்கறதில்ல சிஸ்டர்.”

“அது தண்ணிக்குள்ள பொறந்தது அண்ணே. சூளையில பொறக்கல.”

“அதுவும் சரிதான்,” என்று சொன்னாரே தவிர, முகம் ஒப்பவில்லை. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடின கதை எங்கள் ஊருடையது. மணிமுத்தாற்றில் போட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்ததாகச் சொல்வார்கள். ஆஸ்திரிய ஏரியில் தொலைந்த மீனை விருத்தாசலத்தில் தேடுகிறேனே என்று அந்தோணி வழியெல்லாம் கேலி செய்தான்.

செதில் தட்டாத மீன் என்பது தனபால் அண்ணன் கைக்கு முதலில் வரவேயில்லை. மூன்று நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், களிமண்ணில் ஓர் அழகான கெண்டை படுத்திருந்தது. ஒவ்வொரு செதிலையும் குச்சியால் கீறியிருந்தார். “மீனுன்னா கை தானா செதிலுக்குப் போவுது சிஸ்டர், நான் இன்னா பண்ண?” என்றார். சந்தையில் கெளுத்தி வாங்கிக்கொண்டுபோய்க் காட்டினேன். கெளுத்திக்குச் செதில் கிடையாது. வாலுக்கு முன்னால் அந்தச் சதைத் துடுப்பும் உண்டு. ஃப்ரன்ஸ் சொன்னதும் இதே மாதிரிதான். தனபால் அண்ணன் ஆசையாகத் தூக்கினார். கெளுத்தி முள் என்ன செய்யுமோ அதைச் செய்தது. கையை உதறிக்கொண்டே, “செதிலு இல்லன்னா என்னா, கோவம் இருக்குதே,” என்றார்.

அதற்கும் மேல் ஒரு குறை கண்டுபிடித்தார். சந்தை மீனுக்கு வயிறு தொங்கிவிடுகிறது. உயிருள்ள மீன் தண்ணீரில் எப்படி நிற்கிறது என்று பார்க்காமல் வயிற்றுக்கு வளைவு பிடிக்க முடியாது என்றார். அதனால் ஒன்பதாம் நாள் விடியற்காலை, ஊருக்கு வெளியே இருக்கிற ஏரிக்கு அந்தோணியோடு மூவரும் கிளம்பினோம். ஜெயா விரால் வாங்கிவரச் சொல்லியிருந்தாள். அங்கே இருக்கும்போது எனக்கு ஏங்கி ஏங்கிக் கனவில் வருவது விரால் குழம்புதான். மறைக்க என்ன இருக்கிறது? ஜெபத்தில்கூட வந்திருக்கிறது.

ஏரி பாதிக்கு மேல் வற்றி, வெடித்த தரை கரைவரைக்கும் கிடந்தது. அதைத் தாண்டிய ஈரத்தில் டிவிஎஸ் ஐம்பது வழுக்கி, நான் வெள்ளை அங்கியோடு சேற்றில் உட்கார்ந்தேன். அந்தோணி வண்டியைத் தூக்குவதா அக்காவைத் தூக்குவதா என்று ஒரு நிமிடம் யோசித்தான். வண்டியைத்தான் முதலில் தூக்கினான்.

தண்ணீர் ஓரத்தில் ஒரு பெண் கூடையோடு நின்றிருந்தாள். பட்டம்மாள் என்று பெயர் சொன்னாள். ஏரியில் மீன் குஞ்சு விட்டு வளர்க்கிற கூட்டத்தில் அவளும் ஒருத்தி. கூடையில் செத்த மீன். தண்ணீர்மேல் இன்னும் நிறைய வெள்ளை வயிறுகள். கட்லாவும் ரோகுவும். உயிரோடிருந்தவை தண்ணீர்மேல் வாயை வைத்துத் திறந்து திறந்து மூடின.

“ராவுல சாவறதில்லிங்க. விடியறப்பதான் சாவுது,” என்றாள் பட்டம்மாள். “தண்ணி காஞ்சிபோயி கஞ்சியாட்டம் ஆயிட்டா மூச்சு வுட முடியாது. முன்னலாம் சித்திர கடைசியிலதான் இப்டி ஆவும். ஒரு மழ பேஞ்சா தப்பிச்சிக்கும். இப்பலாம் பங்குனியிலயே தண்ணி சுடுதுங்க. இன்னும் ஒரு மாசம் வுட்டா நல்லா பெருத்திருக்கும். ஒண்ணும் தேறல.”

“வெராலு?” என்று கேட்டான் அந்தோணி.

“அது சாவாது. வெராலும் தேளியும் மேல வந்து காத்த ஒரு வாயி குடிச்சிட்டு உள்ள போயிடும். மத்ததுக்கு அந்த வித்த தெரியாதே, பாவம்.”

அவள் சொல்லி வாய் மூடுமுன், சேற்றோரம் ஒரு விரால் தலையை நீட்டி, ‘ப்ளக்’ என்று காற்றைக் கவ்விக்கொண்டு இறங்கியது. எனக்குச் செவ்வயிறன் ஞாபகம் வந்துவிட்டது. அதற்கும் இந்த வித்தை தெரியாது. இத்தனை ஆயிரம் மைல் தள்ளி, தண்ணீரில் பனிக்கட்டி மிதந்த ஏரியிலும், எங்கள் ஊர்ச் சேற்றிலும், மீன்கள் ஒரே மாதிரி வாயைத் திறக்கின்றன. அந்த நிமிடம் எனக்கு அந்தக் குளிர்ந்த ஏரிமேல் ஆசையாக இருந்தது. அங்கே இருந்தால் விரால், இங்கே இருந்தால் அந்த ஏரி. கடவுள் என்னை எந்த இடத்துக்கு என்று படைத்தாரோ.

தனபால் அண்ணன் குந்தி உட்கார்ந்து, தண்ணீரில் கையை விட்டு வைத்திருந்தார். ஆயிரத்து இருநூறு டிகிரி சூளை முன்னால் நின்று பழகிய கை.

“இது ஒரு சூடே இல்ல சிஸ்டர். குளிக்க சொகமா இருக்கும்,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நமக்குதான் சொகம். அதுங்களுக்கு இதுதான் சூளை,” என்றார். பிறகு கரையோரம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு ரோகுவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விரால் வாங்காமலே திரும்பினோம். பட்டம்மாள் கொடுக்கத்தான் வந்தாள். அன்றைக்கு அதை வாங்க மனசு வரவில்லை.

அதற்கப்புறம் அவர் கை வேறு மாதிரி ஓடியது. செதில் இல்லை. வயிறு தொங்கவில்லை. வாலுக்கு முன்னால் சதைத் துடுப்பு, கொஞ்சம் சாய்ந்து, தொட்டால் மடங்கிவிடும்போல. அச்சு எடுத்து, களிமண் கூழை ஊற்றி, உரு வெளியே வந்ததும், வெயிலுக்கு வெடிக்காமலிருக்க ஈரச்சாக்குக்குள் நாள் கணக்காக வைத்துக் காயவைத்தார். உள்ளே வெற்று என்பதால் எடை வராதே என்று நான் கவலைப்பட்டபோது, வாயில் ஒரு துளை விட்டார். “வெந்தப்பறம் நம்ம ஆத்து மணல இதுவழியா போட்டு அடைச்சிக்கலாம். ஒங்க பெரியவரு கேக்கற எடை வந்துடும்.”

பதினெட்டாம் நாள் இல்லத்திலிருந்து மடத் தலைவி கூப்பிட்டார். ஃப்ரன்ஸுக்குக் காய்ச்சல். சளி நுரையீரலுக்கு இறங்கிவிட்டது. சாப்பாடு வேண்டாம் என்கிறார். “உன் மீன் வந்துவிட்டதா என்று மட்டும் தினமும் கேட்கிறார்,” என்றார். ஃபோனை வைத்துவிட்டு நேரே பட்டறைக்குப் போனேன்.

“அண்ணே, சூளை எப்ப?”

“லோடு சேந்தாதான் சிஸ்டர் பத்த வெப்போம். ஒரு மீனுக்காவ சூளை போட முடியுமா?” என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய்ப் பக்கத்துப் பட்டறைகளில் பேசினார். இருக்கிற ஃப்யூஸ் கட்டைகளையும் அகல்களையும் கொண்டுவந்து அடுக்கச் சொல்லி, வியாழக்கிழமையே சூளையை மூட்டினார்கள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை விமானம். சனிக்கிழமை பிரித்தால்தான் உண்டு. சூட்டோடு அவசரப்பட்டுத் திறந்தால் மொத்த அடுக்கும் விரிசல் விட்டுவிடும். இரண்டு நாள் நான் சும்மா இருக்கவேண்டும். சும்மா இருப்பது எனக்கு வராது. கோயிலுக்குப் போய் ஜெபமாலை சொன்னேன். ஜெயாவின் அடுப்படியைத் தேவையில்லாமல் தேய்த்தேன். “அண்ணி, நீங்க கொஞ்ச நேரம் வெளிய உக்காருங்க,” என்று அவளே துரத்திவிட்டாள்.

சனிக்கிழமை மதியம் சூளையைப் பிரித்தார்கள். அகல்களுக்கு நடுவே என் மீன். ஒரு மயிர்க்கோடு விரிசல் இல்லை. வயிற்றுக்குப் பூசிய சிவப்பு மட்டும் செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தது. எடுத்துக் கையில் வைத்ததும் தடவிப் பார்த்தேன், வழவழவென்று ஓடியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மேலுக்கு ஒரு சாஸ்திரத்துக்காக நூலை எடுத்து வைத்துப் பார்த்தேன்.

வாலைத் தாண்டி நூல் தொங்கியது.

“அண்ணே, குட்டையா இருக்குதே.”

“வெந்தா சுருங்காதா சிஸ்டர்? பீங்கானு பத்துக்கு ஒண்ணுக்கு மேலயே உள்ள போவும்.”

“நான் குடுத்த நூலு வெந்தப்பறம் இருக்கவேண்டிய அளவு அண்ணே.”

அவர் கையிலிருந்த அகலைக் கீழே வைத்துவிட்டார். “வெளியூரு ஆளு யாரு வந்து அளவு குடுத்தாலும், மொத வேலையா இது வெந்த அளவா பச்ச அளவான்னு கேட்டுருவேன் சிஸ்டர். அவங்களுக்குத் தெரியாது, நாமதான் சேத்துப் போடணும். நீங்க நம்ம பேட்ட ஆளாச்சே. சுருங்கறதுக்கும் சேத்துத்தான் குடுத்திருப்பீங்கன்னு கேக்கவே இல்ல.”

நான் வேலை பார்த்தது வெந்து வந்த பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற இடத்தில். பச்சை அளவு என் கைக்கு வந்ததேயில்லை. ஆனாலும் இந்த ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், மண் வெந்தால் சுருங்கும் என்று. பதினாறு வருடத்துக்குப் பிறகும் என்னை வெளியூர்க்காரி என்று நினைக்காத ஒரு மனிதர். அந்த எண்ணத்தாலேயே மீன் இரண்டு விரற்கடை குறைந்துபோனது. சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா?

“அடுத்த லோடுல பெருசா போட்டு பார்சல்ல அனுப்பறேன்,” என்றார்.

“அவரு அதுவரைக்கும் இருக்கணுமே அண்ணே.”

அவர் தூரிகையையும் கறுப்பு மையையும் எடுத்து என் முன்னால் வைத்தார். நான் கண் எழுதினேன். பார்வையில்லாதவருக்குக் கொண்டுபோகிற மீனுக்குக் கண் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. சாயங்காலம் மணிமுத்தாற்றில் தண்ணீரைத் தேடினால் கிடைக்காது, மணல் கிடைத்தது. சலித்து, வாய்வழியே போட்டு, மெழுகால் அடைத்தோம்.

சென்னை விமான நிலையத்தில் சோதனை செய்த பெண் மீனைக் காதருகில் வைத்துக் குலுக்கினாள்.

“உள்ளே என்ன சிஸ்டர்?”

“மணல்.”

“மணல் எதுக்கு?”

“மீனுக்கு எடை வேணும்மா.”

என்னை மேலும் கீழும் பார்த்தாள். கன்னியாஸ்திரி அங்கிக்குள் எத்தனையோ பேர் எதையெதையோ கடத்தியிருப்பார்கள் போலிருக்கிறது. அதிகாரி ஒருவர் வந்தார், மெழுகை நோண்டினார், ஆற்று மணல் மொத்தமும் ஒரு குப்பைத் தொட்டிக்குள் போயிற்று. மீன் பழையபடி லேசாகிவிட்டது. குட்டை, லேசு, செங்கல் வயிறு. பண்ணை மீனையே திருப்பிக் கொடுத்த மனிதருக்கு இதைக் கொண்டுபோகிறேன்.

போய்ச் சேர்ந்ததும் பெட்டியைக்கூட மாடிக்குத் தூக்கவில்லை. ஏரிக்கரைக்கு ஓடி, தண்ணீரோரத்துச் சின்னக் கூழாங்கற்களையும் மணலையும் அள்ளி மீனின் வாய்க்குள் போட்டேன். மே மாதக் கடைசியில் அந்தத் தண்ணீர் கையைக் கடிக்கவேண்டும். கடிக்கவில்லை. துணியால் அடைத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

ஃப்ரன்ஸ் பாதியாகியிருந்தார். மூக்கில் குழாய். “சிஸ்டர் வந்திருக்கிறேன்,” என்றதும் போர்வைக்குள்ளிருந்து இரண்டு கைகளும் வெளியே வந்தன. வைத்தேன்.

முதலில் எடையை வாங்கிக்கொண்டார். மேலும் கீழும் அசைத்தார். பிறகு கட்டைவிரல் வயிற்றின் வளைவில் மெதுவாக ஓடியது. முதுகுக்குப் போயிற்று. பின்னால் நகர்ந்து, வாலுக்கு முன்னால் அந்தச் சதைத் துடுப்பில் நின்றது. அதை விரல் நுனியால் திரும்பத் திரும்பத் தொட்டார். அப்படியே விட்டிருந்தால் எனக்குப் போதும். ஆனால் அவர் மீனவர். சாணும் விரலுமாக நீளத்தை அளந்தார். ஒரு தடவை அளந்துவிட்டு மறுபடியும் அளந்தார்.

“ஃப்ரன்ஸ், நீளம் குறைந்துவிட்டது. என் தப்புதான்,” என்று ஆரம்பித்தேன்.

அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

“உனக்கு யார் சொன்னது?”

“எதை?”

“நான் நூலில் காட்டியது என் கல்யாணத்துக்கு முன்னால் பிடித்த மீன். கடைசி வருடங்களில் வலையில் வந்ததெல்லாம் இந்த நீளம்தான். இதைத் தாண்டவே இல்லை. வெட்கமாக இருந்தது, அதனால் யாரிடமும் சொல்லவில்லை.” மூச்சு வாங்கிக்கொண்டார். “உனக்கு எப்படித் தெரிந்தது?”

“எனக்குத் தெரியாது. சூளையில் சூட்டுக்குச் சுருங்கிவிட்டது.”

“சூட்டுக்கு,” என்றார். தலையை மெல்ல ஆட்டினார். “ஆமாம். சூட்டுக்குத்தான்.”

மீனைத் திருப்பித் தரவில்லை. நெஞ்சின்மேல் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டு தூங்கிப்போனார். கஞ்சி குடிக்கிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அது அங்கேதான் இருந்தது. காய்ச்சல் விட்டது, கோடையையும் தாண்டினார். நவம்பரில், செவ்வயிறனுக்கு வயிறு சிவக்கிற காலத்தில் போய்ச் சேர்ந்தார். சவப்பெட்டியை மூடும்போது அவர் மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். மீனையும் அவரோடு வைத்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு ஃபோன் போட்டு தனபால் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“நான் பெருசா இன்னொண்ணு போட்டுட்டேன் சிஸ்டர்,” என்றார். “வெந்து வந்துட்டுது. சரியா பதினாலு அங்குலம், ஒரு நூலு கூட இல்ல கொறைய இல்ல. பார்சல் கட்டலாம்னுதான் இருந்தேன். இப்ப இன்னா பண்றது?”

அந்த ஏரியில் இனி யாரும் பிடிக்கப்போகாத அளவில் ஒரு செவ்வயிறன் விருத்தாசலத்தில் இருக்கிறான், சூளைக்குப் பக்கத்து அலமாரியில், அந்த அனலில். நூல் என் ஜெபப் புத்தகத்துக்குள் இருந்தது. அதை விரலில் சுற்றிக்கொண்டே, “அங்கயே இருக்கட்டும் அண்ணே,” என்றேன்.

“சரி. ஆனா கண்ணு மட்டும் எழுதல சிஸ்டர். அது ஒங்க வேல. வந்து எழுதிக் குடுங்க.”

வருகிறேன் என்று சொன்னேன். அடுத்த விடுமுறைக்கு இன்னும் மூன்றரை வருடம் இருந்தது.